நான்கு போல்ட், ஒரு கையெழுத்து

வாசகர் கேள்வி, 2024 ஜனவரி 7

"மறுபடியும் ஒரு போயிங் 737 மேக்ஸ், அலாஸ்கா ஏர்லைன்ஸுடையது. நடுவானத்தில் பக்கச் சுவரில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. உடனே எல்லோரும் போயிங்கைத் திட்டுகிறார்கள். எங்கோ ஒரு தொழிலாளி ஒரு போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லை என்றால் கம்பெனி என்ன செய்யும்? 2018, 2019 விபத்துகளிலும் விமானிகளுக்குப் பயிற்சி போதவில்லை என்றுதான் படித்தேன். தப்பு செய்த ஆளைப் பிடியுங்கள். விமானத்தைச் செய்தவனை ஏன் பிடிக்கிறீர்கள்? அப்புறம் ஒரு சின்னக் கேள்வி: இனி அந்த விமானத்தில் ஏறலாமா?"

2024 ஜனவரி 7, இரவு

இதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. பத்தொன்பது வருடம் விமானப் பராமரிப்பில் இருந்தவன் நான். "எங்கோ ஒரு தொழிலாளி" என்ற வார்த்தை உறுத்துகிறது.

ஹேங்கரில் எந்த வேலைக்கும் ஒரு டாஸ்க் கார்டு உண்டு. எதைக் கழற்றினாய், எதை மாட்டினாய், எத்தனை முடுக்கு வைத்தாய் என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட இடம் இருக்கும். விமானத்தைத் திருப்பும் பாகங்களில் கை வைத்தால் இரண்டாவது ஆள் ஒருவர் தன் கண்ணால் பார்த்து, தன் கையால் தொட்டு, தன் பெயரைப் போட வேண்டும். முதல் ஆள் சொன்னதை நம்பிப் போடக் கூடாது.

ஒரு ராத்திரி ஷிஃப்ட் முடியும்போது கருவிப் பெட்டியில் நட்டு முடுக்கும் சாக்கெட் ஒன்று குறைந்தது, சுண்டு விரல் அளவுதான். காலையில் கிளம்ப வேண்டிய விமானம். பதினோரு பேர் டார்ச் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் தேடினோம். பிரித்த பேனல்களை எல்லாம் மறுபடி பிரித்தோம். கடைசியில் ஒரு ஏணியின் குழாய்க்குள் கிடந்தது. அதுவரை அந்த விமானத்தை வெளியே அனுப்பக் கையெழுத்துப் போட யாருக்கும் அதிகாரம் கிடையாது. அங்கே நிறைய விஷயங்கள் எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த ஒரு ஒழுங்கு பிடிக்கும்.

அதனால்தான் கேட்கிறேன்: ஒரு போல்ட் இல்லையென்றால், அது இல்லாமலே விமானம் எத்தனை பேர் கையைத் தாண்டி வெளியே வந்திருக்கும்? அந்தக் கைகளை எல்லாம் வேலைக்கு வைத்தது யார், அவசரப்படுத்தியது யார்? குரல் பதிவுக் கருவியும் தகவல் பதிவுக் கருவியும் கிடைக்கட்டும், பார்க்கலாம்.

ஜனவரி 9

ஒரு திருத்தம். குரல் பதிவில் ஒன்றும் இல்லையாம். அந்த விமானத்தில் இருந்த கருவி கடைசி இரண்டு மணி நேரத்தை மட்டும் வைத்திருக்கும், பழையது தானாக அழியும். தரையிறங்கிய பிறகு யாரும் அதை நிறுத்தவில்லை, பதிவு மேலே மேலே எழுதப்பட்டு அழிந்துவிட்டது. ஐரோப்பாவில் புதிய பெரிய விமானங்களுக்கு 25 மணி நேரப் பதிவு கட்டாயம்.

ஒரு நண்பர் கேட்டார்: கருப்புப் பெட்டி எரிந்தால் கண்டுபிடிக்க முடியாது இல்லையா, கருப்பாக இருக்குமே? அது ஆரஞ்சு நிறம். பெயர் மட்டும்தான் கருப்பு.

ஜனவரி 12

விமானிகள் பயிற்சி விஷயத்துக்கு வருகிறேன். இதை அவசரமாகச் சொல்ல முடியாது.

737 மேக்ஸுக்குப் பெரிய இன்ஜின் வைத்தார்கள். இறக்கைக்குக் கீழே இடம் போதாததால் அதை இன்னும் முன்னே, இன்னும் மேலே தள்ளி வைத்தார்கள். சில நிலைகளில் மூக்கு மேலே தூக்கும் குணம் வந்தது. அதைச் சமாளிக்க எம்.சி.ஏ.எஸ். என்ற மென்பொருள். மூக்கு அதிகம் தூக்கினால் வால் பக்கத்துத் தட்டைத் தானே திருப்பி மூக்கை அமுக்கும். விமானத்தில் அந்தக் கோணத்தை அளக்கும் உணரி ஒன்றுதான் என்று நான் முன்பு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது தவறு. இரண்டு இருந்தன, இந்த மென்பொருள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கேட்டது. என்னைக் கேட்டால், இது இன்னும் மோசம். இரண்டாவது சாட்சி பக்கத்திலேயே நிற்கிறார், யாரும் அவரைக் கேட்கவில்லை.

2018 அக்டோபர் 29, லயன் ஏர் 610. ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் ஜாவா கடலில் விழுந்தது, 189 பேர். தவறான அளவு காட்டிய ஒரு உணரியை நம்பி மென்பொருள் மூக்கை அமுக்க, விமானி தூக்க, மறுபடி அமுக்க, மறுபடி தூக்க, இருபது முறைக்கு மேல். அந்த மென்பொருளின் பெயர்கூட அவர்களுடைய கையேட்டில் இல்லை. முந்தின நாள் இதே விமானத்தில் இதே கோளாறு வந்தபோது, காக்பிட்டில் கூடுதல் இருக்கையில் உட்கார்ந்திருந்த இன்னொரு விமானி உதவியதால் தப்பினார்கள்.

2019 மார்ச் 10, எத்தியோப்பியன் 302. அடிஸ் அபாபாவிலிருந்து நைரோபி போக வேண்டியது, ஆறு நிமிடத்தில் முடிந்தது, 157 பேர். இந்த முறை விமானிகளுக்கு விஷயம் தெரியும். முதல் விபத்துக்குப் பிறகு சொல்லப்பட்டபடியே வால் தட்டுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். ஆனால் அந்த வேகத்தில் கைச்சக்கரத்தைச் சுற்றித் தட்டைத் திருப்ப அவர்களால் முடியவில்லை. மூக்கு கீழே போய்க்கொண்டிருக்க, இரண்டு பேர் ஒரு சக்கரத்தோடு மல்லுக்கட்டியதை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். பயிற்சி போதவில்லை என்று அவர்களைச் சொல்ல எனக்கு வாய் வராது.

பயிற்சி ஏன் இல்லை என்று கேளுங்கள். சிமுலேட்டர் பயிற்சி தேவைப்படாது என்பதுதான் அந்த விமானத்தை விற்ற வாக்குறுதி. ஒரு பெரிய வாடிக்கையாளரிடம், அப்படிப் பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி என்றே ஒப்பந்தம் இருந்தது. பயிற்சியைக் குறைத்தது விமானியும் இல்லை, விமானியின் நாடும் இல்லை.

இரண்டு விபத்தும் சேர்த்து 346 பேர்.

ஜனவரி 12, கொஞ்சம் நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. முதல் விபத்துக்குப் பிறகு, 2018 டிசம்பரில், அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. ஒரு கணக்குப் போட்டது. மென்பொருளை மாற்றாமல் விட்டால் அந்த வகை விமானங்களின் ஆயுள் காலத்தில் 15 பெரிய விபத்துகள் வரை நடக்கலாம் என்று வந்தது. விமானங்கள் பறந்துகொண்டே இருந்தன. மூன்றே மாதத்தில் எத்தியோப்பியா. இந்தத் தாள் 2019 கடைசியில் நாடாளுமன்ற விசாரணையில்தான் வெளியே வந்தது.

பிப்ரவரி 7

அலாஸ்கா விமானம் பற்றி, அமெரிக்க விபத்து விசாரணை வாரியமான என்.டி.எஸ்.பி.யின் முதற்கட்ட அறிக்கை வந்துவிட்டது. இரண்டு தடவை படித்தேன்.

பிய்ந்தது கதவு இல்லை. கூடுதல் அவசர வழி தேவைப்படாத நிறுவனங்களுக்கு, அந்த வழிக்கு விட்ட ஓட்டையை மூடும் அடைப்பு. உள்ளே இருந்து பார்த்தால் ஜன்னலோடு கூடிய சாதாரணச் சுவர். பன்னிரண்டு தாங்கிகளில் அது முட்டிக்கொண்டு நிற்கும். மேலே நகர்ந்தால்தான் தாங்கிகளை விட்டு வெளியே வரும். மேலே நகராமல் பிடிப்பவை நான்கு போல்ட்கள். ஒவ்வொன்றிலும் பள்ளம் வெட்டிய நட்டு, அதற்குக் குறுக்கே காட்டர் பின் என்ற இரட்டைக் கால் ஊசி, அந்தப் பின்னின் கால்களை மடக்கிவிட வேண்டும். தளர்ந்து கழன்று போகவே முடியாத அமைப்பு. அப்படியானால் கழலவில்லை, அவை போடப்படவே இல்லை.

அடைப்புக்குப் பக்கத்தில் தகடுகளை இணைக்கும் ஆணிகளான ரிவெட்டுகள் சில சரியில்லை என்று போயிங்கின் ரென்டன் தொழிற்சாலையில் அடைப்பைத் திறந்திருக்கிறார்கள். ரிவெட் வேலைக்குத் தாள் இருக்கிறது. அடைப்பைத் திறந்ததற்குத் தாள் இல்லை. திறந்ததற்குத் தாள் இல்லையென்றால் மூடியதைச் சோதிக்கவும் யாரையும் கூப்பிட மாட்டார்கள்.

நெஞ்சில் தைத்தது ஒரு புகைப்படம். 2023 செப்டம்பர் 19 அன்று, உள் அலங்காரத்தை மறுபடி பொருத்துவது பற்றித் தொழிற்சாலை ஆட்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்தியில் இருந்த படம். அடைப்பு மூடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற மூன்று இடத்திலும் போல்ட் இல்லை, நான்காவது இடத்தைப் பஞ்சு உறை மறைத்திருக்கிறது. உலகத்திலேயே கடுமையான ஆவண ஒழுங்கு உள்ள ஒரு தொழிலில் மிஞ்சிய சாட்சி, யாரோ ஒருவர் வேறு காரியத்துக்காக போனில் எடுத்த படம்.

அக்டோபர் 31 அன்று விமானம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு மாதத்துக்கு மேல் அப்படியே பறந்தது. ஜனவரி 5 அன்று 177 பேரோடு, சுமார் 14,800 அடியில், அடைப்பு போனது. அதை ஒட்டிய இரண்டு இருக்கையும் காலி. முன் வரிசையில் இருந்த ஒரு பையனின் சட்டையைக் காற்று உருவிக்கொண்டு போனது. இன்னும் உயரத்தில், எல்லோரும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு நடமாடும் நேரத்தில் நடந்திருந்தால்? அதற்கு மேல் எழுத வரவில்லை.

பிப்ரவரி 10

இது புதிதாக வந்த வியாதி இல்லை. 1972 ஜூன் 12, டி.சி.-10 விமானத்தின் சரக்கு அறைக் கதவு கனடாவின் வின்ட்ஸருக்கு மேலே பிய்ந்தது. விமானி திறமையால் எல்லோரும் பிழைத்தார்கள். கட்டாய உத்தரவு போட வேண்டிய எஃப்.ஏ.ஏ. தலைவர், தயாரிப்பாளரான மெக்டானல் டக்ளஸுடன் போனில் பேசி வாய்மொழி ஒப்பந்தத்தோடு விட்டுவிட்டார். பதினைந்து நாள் கழித்து, உடற்பகுதியைச் செய்துகொடுத்த கான்வேர் நிறுவனத்தின் பொறியாளர் டான் ஆப்பிள்கேட், இந்தக் கதவுகள் மறுபடி திறக்கும், விமானம் போகும் என்று தன் மேலதிகாரிகளுக்கு எழுதினார். செலவை யார் தலையில் கட்டுவது என்ற கவலையில் அந்தக் கடிதம் வெளியே போகவில்லை.

1974 மார்ச் 3, பாரிஸ் அருகே எர்மனோன்வீல் காடு. துருக்கி விமான நிறுவனத்தின் டி.சி.-10, அதே கதவு. 346 பேர்.

பிப்ரவரி 11

ஒருவர் கேட்கிறார்: இரண்டு இடத்திலும் 346 என்று இருக்கிறதே, எழுத்துப் பிழையா? பிழை இல்லை. நானும் முதலில் சந்தேகப்பட்டு மறுபடி பார்த்தேன். பாரிஸில் 346, லயன் ஏரும் எத்தியோப்பியனும் சேர்ந்து 346.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த துருக்கி விமானத்தின் கதவில் செய்ய வேண்டிய மாற்றங்களைச் செய்து முடித்ததாகத் தொழிற்சாலை ஆவணத்தில் சோதனையாளர்களின் முத்திரை இருந்தது. வேலை செய்யப்படவில்லை. 1974இல் முத்திரை இருந்தது, வேலை இல்லை. 2023இல் வேலை நடந்தது, தாளே இல்லை. மெக்டானல் டக்ளஸ் 1997இல் போயிங்கோடு இணைந்துவிட்டது. இணைப்பால்தான் எல்லாம் கெட்டது என்று பலர் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. 1985இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் 123இல் 520 பேர் இறந்ததற்கு, ஏழு வருடம் முன்பு போயிங் ஆட்களே பின்பக்க அழுத்தச் சுவரை ஒட்டியபோது இரண்டு வரிசை ரிவெட்டின் வேலையை ஒரு வரிசையிடம் விட்டதுதான் காரணம். அது இணைப்புக்கு முன்னாலேயே.

ஜூலை 9

இரண்டு மேக்ஸ் விபத்து தொடர்பான வழக்கில் போயிங் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. பின்னணி தெரியாதவர்களுக்கு: 2021 ஜனவரியில் அமெரிக்க நீதித் துறையோடு ஒரு ஒப்பந்தம். மொத்தம் 250 கோடி டாலர். அதில் அபராதம் 24 கோடியே 36 லட்சம், குடும்பங்களுக்கு 50 கோடி, மிச்சம் 177 கோடி விமான நிறுவனங்களுக்கு. ஆளை இழந்த வீட்டுக்குப் போனதைவிட விமானத்தை நிறுத்தி வைத்தவர்களுக்குப் போனது மூன்று மடங்குக்கு மேல். மூன்று வருடம் ஒழுங்காக இருந்தால் வழக்கு கைவிடப்படும். அந்த மூன்று வருடம் முடிய இரண்டே நாள் இருந்தபோதுதான் அலாஸ்கா விமானத்தின் அடைப்பு பறந்தது.

சிறைக்குப் போனவர் யாரும் இல்லை. குற்றம் சாட்டப்பட்ட தனி ஆள் ஒரே ஒருவர், முன்னாள் தலைமைத் தொழில்நுட்ப விமானி. 2022 மார்ச்சில் ஜூரி அவரை விடுவித்தது. அவரைத் தண்டிக்க வேண்டும் என்று அப்போது நான் நண்பர்களிடம் வாதாடினேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மேலே தலைமை அதிகாரி 6 கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு வெளியேற, நடுவில் இருந்த ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றியது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஜூலை 10

"அப்படியானால் யாரையும் தண்டிக்க வேண்டாமா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்கிறார். கோபம் சரிதான். ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தேன். மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. ஒரு இணைப்பில் காட்டர் பின் செருகியது ஞாபகம் இருக்கிறது, கால்களை மடக்கியது ஞாபகம் இல்லை. கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறேன். பத்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். வேலை போகுமோ, லைசென்ஸ் போகுமோ என்ற எண்ணம் வராமல் இல்லை. அப்புறம் ஹேங்கருக்கு போன் செய்தேன். ஷிஃப்டில் இருந்த மூத்தவர், "சரி, வை, பார்த்துச் சொல்றேன்" என்றார். பேனலைப் பிரித்து, கண்ணாடி வைத்துப் பார்த்து, இருபது நிமிடத்தில் கூப்பிட்டார். பின் மடங்கித்தான் இருந்தது. விமானம் தாமதமாகக் கிளம்பியது. மறுநாள் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைக்கு போன் செய்தால் ஜெயில் என்று இருந்திருந்தால் நான் செய்திருப்பேனா? செய்திருப்பேன் என்று சொல்லத்தான் ஆசை. அதனால்தான் சர்வதேச விதியே, விபத்து விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவது ஆகாது என்கிறது. ஒப்புக்கொள்கிறவனுக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும். ஆனால் தெரிந்தே மறைத்தவனுக்கு, "தாள் இல்லாமல் வேலை செய், மாதக் கணக்கு முடியட்டும்" என்று நெருக்கியவனுக்கு, அதே பாதுகாப்பைக் கொடுக்க முடியாது. இரண்டையும் ஒரே பையில் போடுவதோடுதான் என் சண்டை.

ஆகஸ்ட் 20

ஏறலாமா என்ற கேள்வியை ஏழு மாதமாக விட்டுவைத்திருந்தேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் கணக்கு ஒன்று இந்த மாதம் வந்திருக்கிறது. 2018 முதல் 2022 வரை உலகம் முழுவதும் 1 கோடியே 37 லட்சம் முறை பயணிகள் விமானம் ஏறினால் ஒரு மரணம். இரண்டு மேக்ஸ் விபத்தும் அதற்குள் அடக்கம். ஏறுங்கள். நானும் ஏறுகிறேன், மேக்ஸிலும்.

ஆனால் இந்த எண்ணைக் காட்டி "பாருங்கள், எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு விபத்துக்கும் பிறகு யாரோ விடாமல் கேள்வி கேட்டதால் குறைந்த எண் இது.

டிசம்பர் 6

நீதிபதி ரீட் ஓ'கானர் ஜூலை ஒப்பந்தத்தை நிராகரித்துவிட்டார். குடும்பங்களின் வக்கீல்கள் கேட்டதும் அதுதான். இன்று நிம்மதியாகத் தூங்குவேன்.

2025 ஜூன் 14

ஆமதாபாத். ஏர் இந்தியா 171, போயிங் 787. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். இங்கே எல்லோரும் காரணம் கேட்கிறீர்கள். இரண்டு நாளில் காரணம் சொல்கிற எவரையும் நம்பாதீர்கள், போயிங் மேல் கோபமாக இருக்கும் என்னையும் சேர்த்து.

ஜூன் 25

அலாஸ்கா விமானத்துக்கு இறுதி முடிவு வந்தது. காரணம்: தொழிலாளர்களுக்குப் போதிய பயிற்சி, வழிகாட்டல், மேற்பார்வை கொடுக்க போயிங் தவறியது. எஃப்.ஏ.ஏ.யின் கண்காணிப்பும் போதவில்லை. அடைப்பை எடுத்தவர் யார் என்று தனி ஆள் பெயர் இல்லை. கதவுக் குழுவில் அந்த வேலையை முன்பு செய்த ஒரே ஆள் அப்போது விடுப்பில் இருந்தாராம். முதல் கேள்வியைக் கேட்ட நண்பரே, "எங்கோ ஒரு தொழிலாளி" என்றீர்களே, இதுதான் அதற்குப் பதில்.

ஜூலை 13

ஆமதாபாத் முதற்கட்ட அறிக்கை. கிளம்பியவுடன் இரண்டு இன்ஜினின் எரிபொருள் சுவிட்சும் ஒரு நொடி இடைவெளியில் அணைந்த நிலைக்குப் போயிருக்கின்றன. ஒரு விமானி "ஏன் அணைத்தாய்" என்று கேட்க, மற்றவர் "நான் அணைக்கவில்லை" என்கிறார். அறிக்கை யாரையும் குற்றம் சொல்லவில்லை, தயாரிப்பாளருக்கு எந்தப் பரிந்துரையும் செய்யவில்லை. 2018இல் இப்படிப்பட்ட சுவிட்சுகளின் பூட்டு அமைப்பைச் சோதிக்கும்படி எஃப்.ஏ.ஏ. ஒரு குறிப்பு அனுப்பியது. அது ஆலோசனைதான், கட்டாயம் இல்லை என்பதால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை என்றும் அறிக்கையில் இருக்கிறது. விபத்துக்கு அது காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் "கட்டாயம் இல்லை" என்ற வார்த்தையை இனி நீங்களும் கவனித்துப் படியுங்கள். வின்ட்ஸருக்குப் பிறகு டி.சி.-10க்குப் போனதும் கட்டாயம் இல்லாத அறிவிப்புதான்.

நவம்பர் 8

வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. மே மாதம் நீதித் துறை புதிய ஒப்பந்தம் போட்டது, சுமார் 110 கோடி டாலர், குற்ற ஒப்புதல் வேண்டாம். அதே ஓ'கானர், இந்த ஒப்பந்தம் பயணிகளின் பாதுகாப்புக்குத் தேவையான பொறுப்பை உறுதி செய்யவில்லை என்று எழுதிவிட்டு, அரசு கைவிடும் வழக்கைப் பிடித்து வைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று முடித்திருக்கிறார். 2023இல், இது அமெரிக்க வரலாற்றிலேயே அதிக உயிர் குடித்த கார்ப்பரேட் குற்றம் எனலாம் என்று எழுதியவர். டிசம்பரில் நிம்மதியாகத் தூங்குவேன் என்று எழுதினேன். இன்று அப்படி எழுத முடியாது.

நவம்பர் 9

"எல்லாம் முடிந்தது, குடும்பங்கள் இனி என்ன செய்வார்கள்" என்று கேட்டவருக்கு.

1989 பிப்ரவரி 24, யுனைடெட் 811, ஹொனலுலுவிலிருந்து கிளம்பிய 747. சரக்குக் கதவு திறந்துகொண்டு ஒன்பது பேரை வெளியே இழுத்துப் போனது. அதில் ஒரு இளைஞர் நியூஸிலாந்துக்காரர். முதல் அறிக்கை, கதவின் பூட்டு பழுதாகிச் சரியாகப் பூட்டப்படவில்லை என்ற திசையில் போனது. அந்த இளைஞரின் பெற்றோர் ஒப்புக்கொள்ளவில்லை. விசாரணை ஆவணங்களைக் கைப்பற்றி, வீட்டில் பரப்பி வைத்துப் படித்தார்கள். மின்கோளாறால் மோட்டார் தானே ஓடிக் கொக்கிகளைத் திருப்பியிருக்கும், அதைத் தடுக்க வேண்டிய பூட்டுத் தகடுகள் பலமில்லாமல் வளைந்திருக்கும் என்று சொன்னார்கள். 1990இல் பசிபிக் கடலின் அடியிலிருந்து கதவையே தூக்கினார்கள். 1991இல் இன்னொரு 747இன் சரக்குக் கதவு தரையில் நிற்கும்போதே தானாகத் திறந்தது. 1992 மார்ச்சில் என்.டி.எஸ்.பி. தன் அறிக்கையை மாற்றி எழுதியது. பெற்றோர் சொன்னதுதான் அதில் இருந்தது.